கட்டிலருகே வரும் நாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வளர்ப்புப் பிராணிகள் குறித்த இந்தப் பகுதிக்குத் தடுப்பூசி, உணவு, தோல்நோய் பற்றிய கேள்விகளே வழக்கமாக அதிகம் வரும். அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைத் தொட்டிருந்தன. மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆறுதலுக்காக அழைத்துச் செல்லப்படும் நாய்களைப் பற்றியவை அவை. கால்நடை மருத்துவராகப் பணிபுரிந்த நாட்களிலிருந்தே எனக்கு நெருக்கமான பொருள் என்பதால், இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 84 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். மறதிநோய் முற்றியதால் இரண்டு ஆண்டுகளாக இங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். ஊரில் இருந்தவரை எந்த நாயையும் விறாந்தை தாண்டி உள்ளே விட்டதில்லை. இப்போது வாரம் ஒருமுறை கழுத்தில் துணி கட்டிய ஒரு நாயைத் தொண்டர் ஒருவர் அழைத்து வருகிறார். என்னையே யாரென்று கேட்கும் அம்மா, அந்த நாயின் தலையைத் தடவி "சாப்பிட்டியோ" என்று தமிழில் விசாரிக்கிறார். இந்த நாய்க்கு அப்படி என்ன பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்? இதனால் உண்மையிலேயே நன்மை உண்டா, அல்லது நாங்களாகக் கற்பனை செய்துகொள்கிறோமா?
— ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: உங்கள் கடிதத்தில் "சாப்பிட்டியோ" என்ற அந்தச் சொல்லில் நெடுநேரம் நின்றுவிட்டேன். மறதிநோயில் அண்மைய நினைவுகளும் பெயர்களும் நழுவத் தொடங்கிய பின்னும், வீட்டுக்கு வந்த உயிரின் பசியை விசாரிப்பது போன்ற வாழ்நாள் பழக்கங்கள் நெடுங்காலம் தங்கியிருப்பதுண்டு. நாம் அவர்களைப் பார்க்கப் போகும்போது, அன்பினால்தான் என்றாலும், ஒரு தேர்வையும் கையோடு கொண்டுபோய் விடுகிறோம்: நான் யார் தெரிகிறதா, இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள். நாய் வரும்போது தேர்வு எதுவும் இல்லை. தவறான விடை சொல்லிவிட்டோமோ என்ற கூச்சமும் இல்லை. உங்களை மறந்தவர் நாயை நினைவில் வைத்திருக்கிறார் என்று தயவுசெய்து வருந்தாதீர்கள். அநேகமாக அந்த நாயையும் அவர் ஒவ்வொரு வாரமும் புதிதாகத்தான் சந்திக்கிறார்.

பயிற்சியைப் பொறுத்தவரை, 'தெரபி நாய்' என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த நாய்களுக்கு ஆறுதல் சொல்லும் வித்தை எதுவும் கற்றுத்தரப்படுவதில்லை. கற்றுத்தரப்படுவதில் பெரும்பகுதி, எதையெல்லாம் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான்: மேலே தாவக் கூடாது, தரையில் விழுந்த மாத்திரையை வாயில் எடுக்கக் கூடாது, சக்கர நாற்காலியைக் கண்டு மிரளக் கூடாது, ஒருவர் திடீரென்று அலறினாலும் முகத்தை இறுகப் பிடித்தாலும் பதறக் கூடாது. மனிதர் அருகில் அமைதியாக இருப்பதில் அந்த நாய்க்கே ஒரு விருப்பம் இருக்க வேண்டும். அதைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

நன்மை உண்டா என்ற கேள்விக்கு, அளவோடு உண்டு என்பதே நேர்மையான விடை. கலிபோர்னியாவில் இதயச் செயலிழப்புடன் மருத்துவமனையில் இருந்த 76 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவினரிடம் தொண்டர் ஒருவர் நாயுடன் 12 நிமிடம் இருந்தார். இன்னொரு குழுவினரிடம் தொண்டர் மட்டும் வந்தார். மூன்றாம் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. 2007-ல் வெளியான முடிவுகளின்படி, பதற்றம் நாய் வந்த குழுவில்தான் அதிகம் குறைந்தது. இரத்தத்தில் அட்ரினலின் அளவும் நுரையீரல் இரத்தக்குழாயில் அளக்கப்பட்ட ஓர் அழுத்தமும் குறைந்தன. அமெரிக்க முதியோர் இல்லங்களில் 45 பேரைக் கொண்டு நடந்து 2002-ல் வெளியான ஆய்வு, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நாய் வந்தாலே தனிமையுணர்வு குறைகிறது என்றும், வாரம் மூன்று முறை வந்தாலும் பலன் ஏறத்தாழ அதே அளவுதான் என்றும் காட்டியது. மறதிநோயை இது குணப்படுத்தாது. அதன் போக்கை நிறுத்தும் என்றும் யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் உங்கள் அம்மாவின் வாழ்வில் உண்மையான அரைமணி நேரம். முடிந்தால் நாய் வரும் வேளையிலேயே நீங்களும் போங்கள். அம்மா நாயிடம் பேசும்போது நீங்களும் நாயிடமே பேசுங்கள். அந்த வழியாக அவர் உங்களோடும் பேசக்கூடும்.

கேள்வி: இது அண்மைக் காலத்து மேலைநாட்டு நாகரிகமா? இதற்கு வரலாறு ஏதும் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: நாம் நினைப்பதைவிடப் பழையது. இங்கிலாந்தில் யார்க் நகரில் 1796-ல் திறக்கப்பட்ட மனநல இல்லத்தில், நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைப்பதை விட்டு, தோட்டத்தில் முயல்களையும் கோழிகளையும் உலவவிட்டு அவற்றோடு பழகச் செய்தார்கள். நீண்ட காலம் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணையாகும் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதியிருக்கிறார்.

நாய் என்று வரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்மோக்கி. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், நியூ கினித் தீவின் காட்டில் கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் கிடைத்த யார்க்ஷயர் டெரியர் அது. எடை இரண்டு கிலோகூட இல்லை. அதை வாங்கி வளர்த்த அமெரிக்கப் போர்வீரர் வில்லியம் வின் டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது, நண்பர்கள் அவரைப் பார்க்க நாயையும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். போர்முனையில் காயம்பட்டு வந்திருந்த மற்ற வீரர்களிடமும் செவிலியர் அதைத் தூக்கிச் சென்றார்கள். பகலில் கட்டில் கட்டிலாகச் சென்று, இரவில் வின்னின் படுக்கையில் உறங்கியது. அதை அனுமதித்த மருத்துவ அதிகாரி, புகழ்பெற்ற மேயோ மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் மேயோ. திட்டமிட்டுத் தொடங்கப்பட்டது எதுவும் அங்கே இல்லை. காய்ச்சலில் கிடந்த ஒருவரின் நாய் பக்கத்துக் கட்டில்காரருக்கும் பயன்பட்டது, அவ்வளவுதான்.

துறையாக இது உருவானது பின்னர்தான். நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சன், யாரோடும் ஒட்டாதிருந்த ஒரு சிறுவன் தம் நாய் ஜிங்கிள்ஸுடன் இயல்பாகப் பழகியதைக் கவனித்து, 1961-ல் உளவியலாளர்கள் கூடிய அவையில் அதை எடுத்துரைத்தார். சிலர் கேலி செய்தார்கள்; அவர் விடவில்லை. 1976-ல் எலெய்ன் ஸ்மித் என்ற செவிலியர் நியூஜெர்சியில் தெரபி நாய்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். இன்று பெட் பார்ட்னர்ஸ் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க அமைப்பு 1977-லும், பிரிட்டனின் பெட்ஸ் அஸ் தெரபி 1983-லும் தோன்றின.

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு நாயை அழைத்துவரலாமா என்று ஒரு தொண்டர் கேட்டிருக்கிறார். மருத்துவர்கள் தொற்று என்று சொல்லி மறுக்கிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானதா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நியாயமானதுதான். ஆறுதல் நாய்களை எவ்வளவு விரும்பினாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் மருத்துவர்கள் பக்கமே நிற்பேன். அவர்கள் அச்சத்தைப் புறந்தள்ளி உள்ளே வரும் நாயைவிட, அந்த அச்சத்துக்கு விடை சொல்லிவிட்டு வரும் நாயே நிலைக்கும்.

நாய் நோயைக் கொண்டுவரும் என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். மருத்துவமனையின் கிருமியை நாய் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குச் சுமக்கும் என்பதை அவ்வளவாக யோசிப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வில், மருத்துவமனைக்குப் போய்வந்த ஒரு நாயின் பாதங்களில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி ஒட்டியிருந்தது. இன்னொரு நாயைத் தொட்டவரின் கையில், மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி கிடைத்தது. நாய்களுக்கு நோய் இல்லை. நம் கைகளைப் போலவே அவையும் கிருமிகளுக்கு வாகனமாகியிருந்தன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் அறிவித்த முடிவு, உங்கள் பிரிவுக்கு நேரடியாகப் பொருந்தும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளில், நாயோடு அதிகம் ஒட்டியிருந்தவர்களுக்கு அந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றிக்கொள்ளும் வாய்ப்பு கூடியிருந்தது. நாயை முன்கூட்டியே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவால் குளிப்பாட்டி, இடையிடையே அதே மருந்து நனைத்த துணியால் முதுகைத் துடைத்தபோது அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

மருத்துவமனைகளுக்கு வரும் விலங்குகள் குறித்து அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு வல்லுநர்கள் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரம் இது: ஓராண்டாவது நிறைந்த, வளர்ந்த நாய்க்கே அனுமதி, ஒரு வருகை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடுமுன்னும் தொட்டபின்னும் ஒவ்வொருவரும் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், கட்டிலில் ஏற்றினால் நாய்க்கும் போர்வைக்கும் இடையே தனித் துணி விரிக்க வேண்டும், முகத்தையும் புண்ணையும் நக்கவிடக் கூடாது, பச்சை இறைச்சி தின்னும் நாயை அழைத்துவரவே கூடாது. கடைசி விதி நம்மூருக்கு மிகவும் வேண்டியது. கோழிக்கடைக் கழிவை அப்படியே போட்டு வளர்க்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அத்தகைய நாய்க்கு வெளியில் எந்தக் குறையும் தெரியாது, ஆனால் சால்மோனெல்லா கிருமி அதன் மலத்தில் வெளிவந்துகொண்டிருக்கலாம்.

வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நோயாளிகளிடமும், எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவிலும் நாயைத் தவிர்ப்பதே சரி. மற்றவர்களுக்கு, மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு தானே விதிகளை எழுதி, வார்டுக்கு வெளியே காற்றோட்டமான ஓர் அறையில் தொடங்கலாம். முதல் கூட்டத்துக்கே அந்தக் குழுவை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு இரண்டு வயது. எல்லோரிடமும் ஓடிப்போய்க் கொஞ்சும். அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்? என் தம்பி ஒரு நாட்டு நாயைத் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிறான். அதையும் அழைத்துப் போகலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: "எல்லோரிடமும் ஓடிப்போய்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த ஓட்டத்தைத்தான். 30 கிலோ எடையுள்ள நாய் அன்போடு முட்டினாலும் எண்பது வயதுக்காரரின் இடுப்பெலும்பு முறியும்.

உட்கார், படு, காத்திரு, விட்டுவிடு, கூப்பிட்டால் வா ஆகிய ஐந்தும், தளர்ந்த வாரில் இழுக்காமல் நடப்பதும் அடிப்படை. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப் 1989 முதல் நடத்தும் நன்னடத்தைத் தேர்வின் பத்துப் படிகளில் இவற்றில் பெரும்பாலானவை அடங்கும். ஆறுதல் பணிக்கு அதற்கு மேலும் வேண்டும். பெட் பார்ட்னர்ஸ் அமைப்பின் தேர்வில், ஒருவர் தாறுமாறாகத் தடவிப் பார்ப்பார். ஒருவர் இறுகக் கட்டிப்பிடிப்பார். ஒருவர் தள்ளாடிக் கைகளை ஆட்டியபடி வருவார். இருவர் கோபமாகக் கத்துவார்கள். பின்னாலிருந்து ஒருவர் இடித்துக்கொண்டு போவார். பலர் ஒரே நேரத்தில் சூழ்ந்து கொஞ்சுவார்கள். இத்தனைக்கும் நடுவில் நாய் திடுக்கிடலாம், ஆனால் சில நொடிகளில் இயல்புக்குத் திரும்பித் தன்னை வளர்ப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நாயோடு வளர்ப்பவரையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் மதிப்பிடுகிறார்கள். இதே சூழ்நிலைகளை வீட்டில் உறவினர்களை வைத்து மெதுவாகப் பழக்குங்கள். வாடகைக்குச் சக்கர நாற்காலி, நடைவண்டி, ஊன்றுகோல் ஆகியவற்றை எடுத்துவந்து ஒரு வாரம் கூடத்தில் வைத்திருங்கள். எவர்சில்வர் தட்டு தரையில் விழும் ஓசைக்கும் பழக்க வேண்டும்; நம் இல்லங்களின் சாப்பாட்டுக் கூடத்தில் அது ஓயாமல் கேட்கும் ஓசை.

உடல்நலத்தில், வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் உள்ளிட்ட மற்றத் தடுப்பூசிகளும் நாள் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும். குடற்புழு மருந்து, உண்ணிக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கும் கால்நடை மருத்துவரின் கையெழுத்து வேண்டும். போவதற்கு முன்பு நகங்களை வெட்டி, முனையை அரத்தால் ராவிவிடுங்கள். முதியவர்களின் தோல் காகிதம் போல மெலிந்திருக்கும். லேசாகக் கீறினாலும் ஆறுவதற்கு வாரக்கணக்காகும்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் நாயை நடுக்கூடத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் "பார்க்க விருப்பமா" என்று கேளுங்கள். தெருநாய்க் கடி பட்டவர் இருப்பார். ஆசாரம் பார்ப்பவர் இருப்பார். நாயின் எச்சில் படுவதைச் சமயக் காரணத்தால் தவிர்ப்பவர் இருப்பார். இவர்களில் யாரிடமும் "ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்தக் கூடாது. முன்னர் சொன்ன 2002 ஆய்விலும், நாய் வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பெரும்பாலும் தம் வாழ்வில் ஏற்கெனவே பிராணி வளர்த்தவர்களே. முதல் சில வருகைகள் 20 நிமிடம் போதும்.

தம்பியின் நாட்டு நாயைப் பற்றி: இனம் தடையல்ல. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை எத்தனை விதமான மனிதர்களைக் கண்டு வளர்ந்தது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்றவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. அந்நியரிடம் எட்டி நிற்பது அவற்றின் இயல்பு, குறையல்ல. தெருவில் பிறந்து வீட்டில் வளர்ந்த நாய்களில், ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும் அருகில் போய்ப் படுத்துக்கொள்ளும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பியின் நாய் அந்நியரிடம் தானாகவே போய் நிற்கிறதா என்று பாருங்கள். போனால் அழைத்துச் செல்லலாம். தம்பியின் காலுக்குப் பின்னால் ஒளிந்தால் அதை வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாயும் இதுவும் ஒன்றுதானா?
— ஒரு மாணவர், தர்மபுரி

பதில்: இரண்டும் வேறு. வழிகாட்டி நாய் ஒரே ஒருவருக்காகப் பயிற்சி பெற்று, அவருடனேயே வாழ்ந்து, அவரால் செய்ய முடியாத குறிப்பிட்ட வேலைகளைச் செய்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அது அவரோடு கடைக்கும் உணவகத்துக்கும் செல்லச் சட்டப்படி உரிமை உண்டு. வேலையில் இருக்கும்போது அதைத் தடவக் கூடாது. தெரபி நாய் பலரும் தடவுவதற்கென்றே வருவது. அழைத்த நிறுவனத்துக்குள் மட்டுமே அதற்கு அனுமதி.

கேள்வி: நோயாளிகளின் துயரத்தைச் சுமக்க நாயைப் பயன்படுத்துவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை ஆகாதா? அதன் விருப்பத்தை யார் கேட்கிறார்கள்?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானதாக நான் கருதுவது இதுதான். நாயின் விருப்பத்தைக் கேட்க முடியும். அது விடையும் சொல்கிறது. அந்த விடையை வாசிக்கத் தெரியாதவர் நாயை அழைத்துச் செல்லக் கூடாது.

பசியோ தூக்கமோ இல்லாதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தை வேறுபக்கம் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, காதுகளைப் பின்னுக்கு மடிப்பது, வாலை ஒடுக்குவது, வெயில் இல்லாமலே இரைப்பது, நனையாமலே உடலை உதறுவது ஆகியவையெல்லாம் "போதும்" என்பதன் வெவ்வேறு வடிவங்கள். ஒரு கட்டிலருகே இவற்றில் இரண்டைக் கண்டால் விடைபெற வேண்டும்; நோயாளி கெஞ்சினாலும் அங்கே தங்கக் கூடாது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று பெட் பார்ட்னர்ஸ் வரையறுத்திருப்பதும் இதனால்தான்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு கோல்டன் ரெட்ரீவர் மூன்று ஆண்டுகள் ஒரு முதியோர் இல்லத்துக்கு மகிழ்ச்சியோடு போய்வந்தது. ஒருநாள் அந்த இல்லத்தின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. வளர்த்தவர் அதைப் பிடிவாதம் என்று எண்ணி இரண்டு வாரம் வாரைப் பிடித்து இழுத்துச் சென்றிருக்கிறார். பரிசோதித்தபோது இடுப்பு மூட்டுத் தேய்ந்திருந்தது தெரிந்தது. வழவழப்பான டைல்ஸ் தரையில் நிற்பதே அதற்கு வலியாக இருந்திருக்கிறது. மருந்தும் ரப்பர் விரிப்பும் கொடுத்த பிறகு, வளர்த்தவர் வாரை அவிழ்த்துவிட்டு வாசலில் நின்று பார்த்தார். நாய் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பியது. அன்றோடு அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார். அவர் எடுத்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 18 மனிதர்களையும் 18 நாய்களையும் கொண்டு செய்யப்பட்டு 2003-ல் வெளியான ஆய்வில், அமைதியாகத் தடவிக்கொடுக்கும்போது ஆக்ஸிடோசின் உள்ளிட்ட சில சுரப்புகள் மனிதரிடம் மட்டுமல்லாமல் நாயிடமும் கூடியது கண்டறியப்பட்டது. விரும்பி வரும் நாய்க்கு இந்தச் சந்திப்பில் தன் பங்கும் கிடைக்கிறது.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். நாயோடு பழகினால் பேச்சு வரும் என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கேட்கும் ஒரு வகுப்பில் சேர்க்கலாமா?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: பேச்சு வரும் என்று உறுதி கூறுபவரிடம் சேர்க்காதீர்கள் அம்மா. நாய் அறையில் இருக்கும்போது சில குழந்தைகள் மற்றவர் கண்ணை அதிகமாகப் பார்க்கிறார்கள், சுற்றியிருப்பவர்களோடு அதிகம் பழகுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சில குழந்தைகளுக்கோ நாயின் வாடை, குரைப்பு, ஈர மூக்கு எல்லாமே தாங்க முடியாதவை. பேச்சுப் பயிற்சியாளர் நாயைத் துணையாக வைத்துக்கொண்டு தம் பயிற்சியை நடத்தினால் அது நல்ல வழி. நாயே பயிற்சி என்றால் பணம் வீண்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதுமல்ல. விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991-ல் ஹாங்காங்கில் தம் கோல்டன் ரெட்ரீவர் மேக்ஸை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம், சென்னையின் புளூ கிராஸ் வழியாக 2000-களின் தொடக்கத்திலேயே இங்கே வந்து, சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் நடந்திருக்கிறது. மும்பையில் 2003 முதல் அனிமல் ஏஞ்சல்ஸ் அறக்கட்டளை இதே துறையில் இயங்குகிறது. முதலில் தெரிந்தவர் வீட்டில் உள்ள வயதான, சாதுவான நாயின் அருகில், நீங்களும் கூடவே இருந்து, மகன் என்ன செய்கிறான் என்று சில நாள் பாருங்கள். நாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் 30 பேர் தங்கும் முதியோர் இல்லம் நடத்துகிறோம். வாரம் ஒருமுறை நாய் வருவதற்குப் பதிலாக, இல்லத்திலேயே ஒரு நாயை வளர்த்தால் என்ன?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில், சேஸ் நினைவு முதியோர் இல்லத்தில் 1991-ல் பொறுப்பேற்ற இளம் மருத்துவர் பில் தாமஸ், சலிப்பும் தனிமையும் கையறுநிலையும்தான் அங்கிருந்தவர்களின் பெரிய நோய் என்று கண்டு, இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு பறவைகளையும் ஒரே வீச்சில் கொண்டுவந்தார். நடக்க மாட்டோம் என்றிருந்தவர்கள் நாயை வெளியே அழைத்துப் போக முன்வந்தார்கள். வந்துபோகும் நாய் அன்பைத் தருகிறது. உடன் வாழும் நாய் கடமையையும் தருகிறது. வேளாவேளைக்குத் தண்ணீர் வைக்க ஓர் உயிர் காத்திருக்கிறது என்பது, எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கப்பட்ட ஒரு முதியவருக்குச் சிறிய விஷயமல்ல.

ஆனால் பொறுப்பேற்கும் பணியாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்காமல் தொடங்காதீர்கள். எல்லோருக்கும் சொந்தமான நாய் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். முப்பது பேரும் பாசத்தில் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் ஓராண்டில் பருத்து நோயாளியாகும். குட்டி வேண்டாம், நான்கைந்து வயதான, அமைதியான நாயைத் தத்தெடுங்கள். யாரும் நுழையாத ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்குங்கள். இரவில் நடைபாதையில் படுக்கவிட்டால் இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

கேள்வி: தொற்று, கடி, பராமரிப்பு என்று இத்தனை சிக்கல் இருக்கும்போது, நாய் வடிவ ரோபோ போதாதா?
— ஒரு மென்பொறியாளர், ஓசூர்

பதில்: செயின்ட் லூயிஸ் நகரில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐபோ என்ற ரோபோ நாயையும் உயிருள்ள நாயையும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு குழுக்களிலும் தனிமையுணர்வு குறைந்தது. 2008-ல் இது வெளியானது. ஆகவே நாயை அனுமதிக்கவே முடியாத தீவிரச் சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் ரோபோவை நான் எதிர்க்க மாட்டேன். இருந்தாலும், வேண்டாமென்றால் எழுந்து போய்விடக்கூடிய ஓர் உயிர் எழுந்து போகாமல் நம் காலடியில் படுத்திருப்பதை இயந்திரத்தால் தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்துக்கு நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு புதன்கிழமையும் வந்த நாய், சிறுநீரக நோயால் சென்ற மாதம் இறந்துவிட்டது. பெரியவர்கள் கேட்கும்போது "ஊருக்குப் போயிருக்கிறது" என்று சொல்லிவருகிறோம். இது சரியா? உடனே வேறு நாயை ஏற்பாடு செய்யலாமா?
— ஒரு செவிலியர், புதுச்சேரி

பதில்: நினைவு தெளிவாக உள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கணவனையும் மனைவியையும் உடன்பிறந்தவர்களையும் வழியனுப்பியவர்கள் அவர்கள். ஒரு நாயின் சாவைத் தாங்க மாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். சொல்லாமல் விட்டால், தங்களிடம் சலித்துப்போய் வராமல் நின்றுவிட்டது என்று அவர்கள் நினைக்கக்கூடும். அது இறப்புச் செய்தியைவிட அதிகமாக வலிக்கும்.

மறதிநோய் உள்ளவர்களிடம் ஒருமுறை சொன்னது போதும். மறுபடி கேட்கும்போதெல்லாம் இறந்துவிட்டது என்று சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு அது புதுச் சாவு. அந்த நாய் எப்படித் தலையைச் சாய்த்துப் பார்க்கும், யார் மடியில் முகத்தை வைத்துக்கொள்ளும் என்று அவர்களையே பேசவிடுங்கள். பொய் சொல்லாமலே அந்த நேரத்தைக் கடந்துவிடலாம்.

புதிய நாய்க்கு அவசரம் வேண்டாம். "வேறு நாய் வராதா" என்று அவர்களில் ஒருவர் கேட்கும்வரை காத்திருங்கள். வரும் நாய்க்குப் பழைய நாயின் பெயரை வைக்காதீர்கள். அதற்கு முன்னால், நாயை வளர்த்தவரை ஒரு புதன்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, கழுத்துப்பட்டையும் ஒரு புகைப்படமும் கொண்டு தனியாக வரச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுகளாக வாரின் மறுமுனையைப் பிடித்திருந்த அவரிடம் யாரும் இதுவரை துக்கம் விசாரித்திருக்க மாட்டார்கள். உங்கள் பெரியவர்கள் விசாரிப்பார்கள்.